வைக்கோலில் உறங்கும் நுண்ணுயிர்

கொழும்பு மாநகரில் வாழும் நமக்கும் வைக்கோலுக்கும் இருந்த உறவு அற்றுப்போய் நெடுங்காலமாயிற்று. கொட்டாஞ்சேனைத் தெருக்களில் மாட்டுவண்டிகள் ஊர்ந்த காலம் மூத்தோரின் நினைவில் மாத்திரமே உள்ளது. தைப்பொங்கலை ஒட்டி வெள்ளவத்தைக் கடைகளுக்கு மண்பானைகள் வந்திறங்கும்போது, அவை ஒன்றோடொன்று மோதி உடையாதிருக்க இடையே செருகியிருக்கும் வைக்கோல் ஒரு பிடி வீட்டுக்கும் வந்து சேர்ந்தால், அதனைக் குப்பையென்று கூட்டித் தள்ளிவிடுகிறோம். அந்தக் குப்பையிலேதான் இன்று நாம் நேயர்களுக்கு அறிமுகம் செய்யப் புகுந்த உயிர் உறங்கிக் கொண்டிருக்கிறது. உலகத்துப் பெரும் ஆராய்ச்சிசாலைகள் பலவற்றில் அதற்குத் தனி மேசையே உண்டு.

பசிலஸ் சப்டிலிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இலத்தீன் மொழியில் பசிலஸ் என்றால் சிறு கோல். சப்டிலிஸ் என்றால் மெல்லியது. மெல்லிய கோல் போன்ற உருவமுடைய பற்றீரியா ஆதலின் இப்பெயர் பொருந்தும். ஏறத்தாழ முந்நூறு கோல்களை நீளவாக்கில் வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் நீளம் வரும். மண்ணிலும் புல்லிலும் வைக்கோலிலும் தானியத்திலும் இது எங்கும் உள்ளது. நல்ல உடல்நலமுள்ள மனிதருக்கு இதனால் தீங்கு நேர்வது மிக அரிது. நோயைத் தராத ஒரு கிருமியை நூற்றைம்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் விடாது ஆராய்வானேன் என்று கேட்பீர்கள். அதற்கு விடை ஒரு பழைய வழக்கிலிருந்து தொடங்குகிறது.

கொதித்த நீரிலும் சாகாதது

உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானாகவே தோன்றுமா, தோன்றாதா என்பதே அவ்வழக்கு. பிரான்சிலே பாஸ்டர், தோன்றாது என்று காட்டியிருந்தார். ஆயினும் இங்கிலாந்திலே பாஸ்டியன் என்ற வைத்தியர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. காய்ந்த புல்லை நீரில் ஊறவைத்து, நன்றாகக் கொதிக்கவைத்து, மூடிவைத்தாலும் சில நாட்களில் அந்நீர் கலங்கி, அதில் உயிர்கள் நெளிகின்றனவே. கொதியிலே எல்லா உயிரும் மாண்டபின் இவை எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்டார். நேர்மையான கேள்விதான்.

இதற்கு மறுமொழி காண முயன்றவர் ஜோன் ரின்டல் என்ற பௌதிகவியலாளர். இலண்டன் ரோயல் இன்ஸ்டிரியூஷனில் அவர் முதலிற் செய்த பரிசோதனைகளில், கொதித்த நீர் தெளிவாகவே இருந்தது. பாஸ்டர் சொன்னதே சரி என்று மகிழ்ந்தார். ஆனால் 1876 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதே பரிசோதனை பிசகத் தொடங்கிற்று. மணிக்கணக்காகக் கொதித்த நீரும் கலங்கியது. ஆராய்ச்சிசாலைக்குள் பழைய வைக்கோலைக் கொண்டுவந்ததே காரணம். அதன் தூசு அறை முழுவதும் பரவிவிட்டது. ரின்டல் தமது குடுவைகளை எடுத்துக்கொண்டு கியூ தாவரவியற் பூங்காவின் ஆராய்ச்சிசாலைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வைக்கோல் தூசு இல்லை, நீரும் கலங்கவில்லை.

இதே 1876 இல், அன்று ஜேர்மனியில் இருந்த பிரெஸ்லவ் நகரத்திலே, பேர்டினன்ட் கோன் என்ற தாவரவியலாளர் நுணுக்குக்காட்டியின் ஊடாக அந்த மர்மத்தைக் கண்ணாலேயே கண்டார். இந்த நுண்ணுயிருக்கு 1872 இல் இன்றுள்ள பெயரைச் சூட்டியவரும் அவரே. உணவு தீர்ந்த வேளையில் ஒவ்வொரு கோலின் உள்ளேயும் ஒளி வீசும் சிறு மணி ஒன்று உருவாவதை அவர் கண்டார். கோல் அழிந்தபின்னும் மணி நிலைக்கும். கொதிநீர் கோலைக் கொல்லும், மணியைக் கொல்லாது. சூடு ஆறியதும் மணி முளைத்து மீண்டும் கோலாகும். நாம் இதனை வித்தி என்கிறோம். நெல்மணிக்கு எப்படியோ அப்படி இந்த நுண்ணுயிருக்கு வித்தி. ஆகவே நீரில் புதிதாக எவ்வுயிரும் தோன்றவில்லை. ஏற்கெனவே இருந்தது உறக்கம் கலைந்து எழுந்தது, அவ்வளவே.

இதனை அறிந்த ரின்டல் ஓர் அழகிய உபாயம் கண்டார். ஒரே முறையில் பல மணி நேரம் கொதிக்க வைப்பதற்குப் பதிலாக, சிறிது நேரம் சூடாக்கி, ஆறவிட்டு, இடைவெளி கொடுத்து மீண்டும் சூடாக்கினார். இடைவெளியில் வித்திகள் முளைத்து மென்மையான கோல்களாகிவிடும்; அடுத்த சூட்டில் அவை மடியும். எஞ்சியவை அடுத்தடுத்த சூடுகளில் மடியும். நூறு பாகைக்கு மேற்செல்லாமலே கிருமி நீக்கும் இந்த முறை இன்றும் ரின்டலின் பெயராலேயே வழங்குகிறது.

கோனிடம் அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாட்டுப்புற வைத்தியர் தமது பரிசோதனைகளைக் காட்ட வந்தார். அவர்தான் ரொபேட் கொக். மாடுகளையும் மனிதரையும் கொல்லும் அந்திராக்ஸ் நோயின் கிருமியும் இவ்வாறே வித்தியாகி மண்ணிற் கிடக்கிறது என்பதை அவர் நிறுவினார். அது நமது வைக்கோல் நுண்ணுயிரின் கொடிய உறவினன். ஒரே குடும்பத்தில் ஒருவன் சாதுவாகவும் மற்றவன் கொலைகாரனாகவும் பிறப்பது மனிதருக்கு மட்டும் உரிய விதியன்று போலும். சாதுவை ஆராய்ந்து கொலைகாரனின் வழிகளை அறியலாம் என்பது ஆராய்ச்சியாளருக்கு வாய்த்த பெருவசதி.

இக்கண்டுபிடிப்புகளின் அலை நமது கரைக்கு வந்துசேர அதிக காலம் எடுக்கவில்லை. கொழும்பிலே 1900 ஆம் ஆண்டு பற்றீரியவியல் நிறுவனம் ஒன்று தொடங்கப்பெற்றது. இன்றைய வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே.

நமது அடுக்களையில்

இனி வீட்டுக்கு வருவோம். வித்தியின் கதை வெறும் புத்தகக் கதையன்று என்பதை அறிய வேண்டியவர்கள் முதலில் அடுக்களையை ஆளுவோரே.

பாண் சில வேளைகளில், மழையும் புழுக்கமும் சேர்ந்த நாட்களில், வெளியே பூஞ்சணம் எதுவும் இல்லாதிருந்தும் உள்ளே கெட்டுப்போவதைக் கண்டிருப்பீர்கள். அழுகிய அன்னாசியை ஒத்த இனிய வாடை வீசும். பிய்த்தால் நடுப்பகுதி பிசுபிசுத்து நூல்நூலாக இழுபடும். இது நமது வைக்கோல் நுண்ணுயிரும் அதன் நெருங்கிய இனத்தாரும் செய்யும் வேலை. கோதுமையோடு வந்த வித்தி மாவிலே தங்கிவிடுகிறது. போறணையின் சூடு இருநூறு பாகையைக் கடந்தாலும், ஈரமுள்ள பாணின் நடுப்பகுதி நூறு பாகையைத் தாண்டுவதில்லை. வித்திக்கு அது வெந்நீர்க் குளியல் போல. பின்னர் பாண் மெல்ல ஆறும்போது அது எழுந்து தன் விருந்தைத் தொடங்குகிறது. மாவிலே சிறிது வினாகிரி சேர்த்துப் புளிப்பூட்டுவதும், சுட்ட பாணை விரைவாக ஆறவிடுவதும் பேக்கரிக்காரர் அறிந்த பழைய தற்காப்புகள்.

பாண் கெட்டால் மணமே காட்டிக்கொடுத்துவிடும். சோற்றின் கதை அப்படியன்று. பசிலஸ் சீரியஸ் என்ற இன்னோர் உறவினன் நெல்லோடு வயலிலிருந்தே வருகிறான். அரிசியை எத்தனை முறை களைந்து, எவ்வளவு கொதிக்கவிட்டு வடித்தாலும் அவனது வித்திகள் சில பிழைத்திருக்கும். சுடுசோற்றை உடனே உண்போருக்கு அவற்றால் கேடில்லை. ஆனால் பெரிய பானையிலே அடைத்து மூடிய சோறு மணிக்கணக்காக இளஞ்சூட்டிலேயே இருக்குமானால், வித்திகள் முளைத்துப் பெருகி ஒருவகை நஞ்சை உண்டாக்கும். சோற்றின் மணமும் சுவையும் மாறாதிருக்கக்கூடும். உண்டு ஒரு மணி முதல் ஐந்து மணி நேரத்துக்குள் கடும் வாந்தி தொடங்கும். பெரும்பாலோருக்கு ஒரு நாளில் தீர்ந்துவிடும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் வாந்தி நிற்காவிடின் வைத்தியரிடம் கொண்டுசெல்லத் தாமதிக்கலாகாது.

இதில் மிக முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. திரும்பச் சூடாக்கினாலும், எண்ணெயிலே வறுத்தாலும், அது அப்படியே இருக்கும். பிரித்தானியாவில் 1971 முதலாகச் சீன உணவகங்களில் பிறைட் றைஸ் உண்ட பலர் நோயுற்றபோதுதான் இது துலக்கமாயிற்று. மணிமணியாக உதிரவேண்டும் என்பதற்காக முதல்நாளே சோற்றைச் சமைத்து வெளியில் வைத்துவிட்டு, மறுநாள் வறுத்துக் கொடுத்தார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறைட் றைஸ் விற்கும் கடைகளுக்குக் குறைவில்லை ஆதலின், இதனை வாசகர் மாத்திரமன்றிக் கடைக்காரரும் மனங்கொள்வது நன்று. விடியற்காலையில் சுடச்சுடக் கட்டிப் பையில் வைத்து, பகல் ஒரு மணிக்கு அலுவலகத்தில் அவிழ்க்கும் சோற்றுப் பார்சலுக்கும் இதே நியாயம் உண்டு.

மிஞ்சும் சோற்றை அகன்ற தட்டிலே பரப்பி விரைவில் ஆறவைத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவதே பாதுகாப்பு. 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களில் அளவோடு சமைத்து அன்றே முடித்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

மார்கரெட் என்ற சிறுமி

இக்குடும்பத்தின் குறைகளையே சொல்லிக்கொண்டிருப்பது முறையன்று. நியூயோர்க் நகரத்தில் 1943 ஆம் ஆண்டு மார்கரெட் ரேசி என்ற ஏழு வயதுச் சிறுமி காலெலும்பு முறிந்து, தோல் கிழிந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்தாள். அவளது புண்ணிலிருந்து எடுத்த கிருமிகளைப் போஷணை நீரிலே வளர்த்துப் பார்த்த பல்பினா ஜோன்சன் என்ற பெண்மணி ஒரு விந்தையைக் கவனித்தார். புண்ணிலே நிறைந்திருந்த நோய்க்கிருமிகள் போஷணை நீரிலே காணாமற் போயிருந்தன. தெருமண்ணிலிருந்து புண்ணுக்குள் புகுந்த ஒரு பசிலஸ் அவற்றைக் கொன்றுவிட்டிருந்தது. அது சுரந்த பொருளைப் பிரித்தெடுத்து, பசிலஸ் என்பதையும் சிறுமியின் குடும்பப் பெயரையும் இணைத்து பசிற்றசின் என்று பெயரிட்டனர். இன்றும் வெட்டுக்காயத்துக்குப் பூசும் களிம்புகள் சிலவற்றின் பெட்டியில் சேர்மானங்களை வாசித்தால் அந்தப் பெயரைக் காணலாம். அன்று சப்டிலிஸ் எனக் கருதிய அக்கிருமிக்கு இன்று வேறு இனப்பெயர். பெயரை அடிக்கடி மாற்றுவதில் விஞ்ஞானிகளுக்கு நிகர் விஞ்ஞானிகளே.

யப்பானியர் அவித்த சோயா அவரையை வைக்கோலிலே பொதிந்து புளிக்கவைத்து நற்றோ என்ற உணவாக உண்கின்றனர். அவ்வைக்கோலில் உள்ளதும் இதே சப்டிலிஸ்தான். பாணில் நூல் விட்டால் நாம் எறிகிறோம். அவரையில் நூல் விட்டால் அவர்கள் இரசிக்கிறார்கள்.

நூற்றறுபத்தெட்டாம் இலக்கம்

ஆராய்ச்சியில் இதன் பெருவாழ்வு 1947 இல் தொடங்கியது எனலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேர்க்ஹோல்டர், ஜைல்ஸ் என்ற இருவர் இந்நுண்ணுயிர் மீது எக்ஸ் கதிரையும் கழியூதாக் கதிரையும் பாய்ச்சிப் பல குறைபாடுள்ள வகைகளை உண்டாக்கினர். அவற்றுள் 168 என்ற இலக்கமுடையது திரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்யவல்லதன்று, வெளியிலிருந்து ஊட்டவேண்டும். இந்த நோஞ்சான் பிள்ளைதான் பின்னர் உலகப் புகழ் பெற்றது. 1958 இல் ஸ்பிசைசன் என்பவர், குறையற்ற வகையிலிருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. யை அதற்கு அளித்தபோது, அது அதனை உள்வாங்கித் தன் குறையைத் தானே நீக்கிக்கொள்வதைக் கண்டார். பரம்பரையலகுகளை விரும்பியவாறு மாற்றிப் பார்க்க இதைவிட எளிய உயிர் கிடைப்பது அரிது. அந்த 168 இன் சந்ததியையே இன்றும் நாடுதோறும் ஆராய்ச்சிசாலைகள் வளர்க்கின்றன.

ஐரோப்பியரும் யப்பானியரும் பலர் கூடி உழைத்து, 1997 இல் இதன் டி.என்.ஏ. முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்து முடித்தனர். 42 இலட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள். ஏறத்தாழ 4,100 பரம்பரையலகுகள். இவற்றை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்ததில், ஆராய்ச்சிசாலையின் வளமான உணவிலே வாழ்வதற்கு இன்றியமையாதவை 271 மாத்திரமே என்று 2003 இல் தெரியவந்தது. எஞ்சியவை எதற்கு? பட்டினிக்கும் பகைக்கும் வெயிலுக்கும் ஈடுகொடுப்பதற்கு. வளமான காலத்தில் வாழக் கொஞ்சம் போதும். கெட்ட காலத்தைக் கடக்கவே இத்தனை ஏற்பாடும்.

அந்தக் கெட்ட காலத்தில் இது என்ன செய்கிறது என்பதே ஆராய்ச்சியாளரைக் கட்டிப்போட்டிருக்கும் கேள்வி. உணவு குன்றினால் கலம் சமமாகப் பிரியாமல் ஒரு முனையில் சிறியதும் மறுபுறம் பெரியதுமாகப் பிரிகிறது. பெரியது தாய்க்கலம், அது சிறியதை விழுங்கித் தன் வயிற்றுக்குள் வைத்து, அதன்மேல் உறைமேல் உறையாகப் போர்த்தி, உள்ளிருக்கும் நீரை வற்றச்செய்து, கல்சியச் சேர்வை ஒன்றால் இறுக்கிப் பாதுகாக்கிறது. ஏழெட்டு மணி நேரத்தில் வேலை முடியும். முடிந்ததும் தாய்க்கலம் வெடித்து மாய்கிறது, வித்தி வெளிவருகிறது. ஒரே கலத்தில் பிறந்த இரண்டு, ஒரே டி.என்.ஏ. யை வைத்துக்கொண்டு, ஒன்று சாகவும் ஒன்று நிலைக்கவும் எவ்வாறு தீர்மானிக்கின்றன? நமது உடலிலும் ஒரே கருவிலிருந்து கண்ணும் எலும்பும் வெவ்வேறாக உருவாகின்றனவே. அதன் எளிய முன்மாதிரி இது என்பதனாலேயே ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் லோசிக்கும் அவருடன் பணிபுரிந்தோரும் பல்லாண்டுகளை இதில் செலவிட்டனர்.

அவர்கள் 2003 இல் வெளியிட்ட செய்தி சற்று அதிர்ச்சி தருவது. வித்தியாவது எளிதில் மாற்றமுடியாத முடிவு; மறுகணம் உணவு வந்துவிட்டால் வீண் சிரமம். ஆகவே முதலில் பட்டினியை உணர்ந்த கலங்கள் ஒரு நஞ்சைச் சுரந்து, இன்னும் விழித்துக்கொள்ளாத தம் உடன்பிறப்புகளைக் கொன்று, அவற்றின் உள்ளீட்டை உண்டு, வித்தியாவதைத் தள்ளிப்போடுகின்றன. தாயின் தியாகமும் உடன்பிறந்தோர் கொலையும் ஒரே துளி நீரில்!

உறக்கத்திலிருந்து எழுவது வேறு கதை. கும்பகருணனை எழுப்ப முரசும் சங்கும் வேண்டியிருந்தன. வித்திக்கு அலனின் என்ற அமினோ அமிலத்தின் சிறு வாடை போதும். ஆயினும் ஒவ்வொரு வாடைக்கும் அது எழுந்துவிடுவதில்லை. உயிர்ச்செயல் ஏதுமற்ற அந்த வித்தி, உணவின் குறிப்பு வரும் ஒவ்வொரு தடவையும் தன்னுள் இருக்கும் பொற்றாசியத்தைச் சிறிது வெளிவிட்டுக் கணக்கு வைத்துக்கொள்கிறது என்றும், கணக்கு ஓர் எல்லையைத் தொட்டபின்னரே எழுகிறது என்றும் 2022 இல் கலிபோர்னியாவின் சன் டியாகோவிலுள்ள ஆராய்ச்சியாளர் காட்டினர்.

சிதம்பரத்து மைந்தர்

தமிழர்க்கு உவகை தரும் தொடர்பு ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். வெந்நீரின் சூட்டை விரும்பி வாழும் பசிலஸ் ஸ்டியரோதெர்மோபிலஸ் என்ற ஓர் உறவினன் உண்டு. (இதற்கும் பெயரை மாற்றிவிட்டார்கள்.) சூட்டில் வாழ்வதால் அதன் உடற்பொருள்கள் உறுதி மிக்கவை, பளிங்காக உறையவைத்து எக்ஸ் கதிரால் ஆராய ஏற்றவை. உயிர்க்கலங்களில் புரதத்தைச் செய்யும் தொழிற்சாலையான றைபோசோமின் பெரும்பகுதியை 1980 இல் ஆடா யோனாத் அம்மையார் முதன்முதலிற் பளிங்காக்கியது இந்த நுண்ணுயிரிலிருந்தே. சிதம்பரத்தில் 1952 இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், நியூயோர்க் மாநிலத்துப் புரூக்ஹேவன் ஆராய்ச்சிசாலையில் இருந்த காலத்தில், 1992 இல் ஸ்டீபன் வைட் என்பவருடன் சேர்ந்து றைபோசோமின் எஸ் 5 என்ற புரதத்தின் உருவத்தைக் கண்டறிந்ததும் இதே நுண்ணுயிரிலிருந்துதான். பின்னர் வேறொரு சூடுவிரும்பி பற்றீரியாவை எடுத்து, 2000 இல் றைபோசோமின் சிறுபகுதி முழுவதையும் அணுவணுவாகக் காட்டினார். 2009 ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசை அவரும் யோனாத்தும் தோமஸ் ஸ்டைற்ஸும் பகிர்ந்துகொண்டனர். நாம் உட்கொள்ளும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் பல றைபோசோமைத் தாக்கியே கிருமியைக் கொல்கின்றன என்பதை எண்ணினால் அவ்வாராய்ச்சியின் பயன் விளங்கும்.

அதே சூடுவிரும்பியின் வித்திகளுக்கு மருத்துவமனைகளில் இன்னொரு உத்தியோகமும் உண்டு. சத்திரசிகிச்சைக் கருவிகளை 121 பாகை நீராவியில் கிருமி நீக்கும்போது, இவ்வித்திகள் தடவிய சிறு துண்டொன்றையும் உள்ளே வைப்பர். பின்னர் அதனைப் போஷணை நீரில் இட்டுப் பார்ப்பர். ஒன்றும் முளைக்காவிடின் இயந்திரம் சரியாக வேலை செய்தது என்று பொருள். சாவதற்கு மிகக் கடினமானதே செத்துவிட்டால் ஏனையவற்றைப் பற்றிக் கவலை எதற்கு?

ஐந்நூறு ஆண்டுப் பரிசோதனை

சப்டிலிஸ் வித்திகளை அமெரிக்கர் 1984 இல் விண்வெளிக்கு அனுப்பி, ஏறத்தாழ ஆறு ஆண்டுகளின் பின் 1990 இல் மீட்டபோது, சூரியனின் கழியூதாக் கதிர் படாது மறைந்திருந்தவற்றிற் பல உயிரோடிருந்தன. அம்பர் என்ற பழம்பிசினுள் அகப்பட்ட தேனீயின் வயிற்றில் கோடிக்கணக்கான ஆண்டுகள் உறங்கிய பசிலஸ் வித்தியை எழுப்பிவிட்டதாக 1995 இல் சிலர் அறிவித்ததுண்டு. பிற்காலத்து அழுக்கு எங்காவது கலந்திருக்கும் என்று பலர் அதனை ஏற்கவில்லை. அப்படியாயின் வித்தி உண்மையில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்?

இதனைக் கண்டறிய 2014 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் கொக்கெல் முதலியோர் சப்டிலிஸ் வித்திகளை உலர்த்திக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து முத்திரையிட்டனர். முதல் இருபத்துநான்கு ஆண்டுகள் ஈராண்டுக்கொரு முறையும், அதன்பின் இருபத்தைந்து ஆண்டுக்கொரு முறையும் சில குப்பிகளைத் திறந்து, எத்தனை வித்திகள் முளைக்கின்றன என்று எண்ணவேண்டும். கடைசிக் குப்பியைத் திறப்பது 2514 ஆம் ஆண்டில். தொடங்கியவர்களோ அவர்களது பேரப்பிள்ளைகளோ அதனைக் காணப்போவதில்லை. எனவே செய்முறையை ஒவ்வொரு இருபத்தைந்து ஆண்டுக்கும் அந்நாளையோர் தம் காலத்து மொழியிலும் கருவியிலும் புதிதாகப் படியெடுத்துவைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். எடின்பரோவுக்கு ஏதேனும் நேர்ந்தால் உதவும்பொருட்டு, அதே போன்ற குப்பிகளின் மற்றொரு தொகுதி இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது.

மாணவ நேயர்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிடி வைக்கோலை நறுக்கி நீரிலிட்டு, பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியரின் துணையோடு பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்து, வாய் அகன்ற கண்ணாடிப் பாத்திரத்தில் மெல்லிய துணியால் மூடிவையுங்கள். இரண்டு மூன்று நாட்களில் நீரின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு படரும். அதில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் இட்டால், 1876 இல் கோன் கண்டது போன்ற கோல்கள் நீந்துவதைக் காண்பீர்கள். ஏடு முதிர்ந்தபின் பார்த்தால் கோல்களின் உள்ளே மணிகளும் தெரியும். வேலை முடிந்ததும் பாத்திரத்திலுள்ளதை வெளுப்புத்தூள் கரைசலை விட்டுக் கொட்டி, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ மறவாதீர்கள்.